தமிழ்ச் சுற்றறிக்கை மட்டும் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: ஹற்றனில் இயங்கும் சிறியதொரு கல்வி உதவிச் சங்கத்தின் கணினிகளைக் கவனித்து வருகிறேன். மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பகுதிகளில் உள்ள சுமார் 900 மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் புலமைப்பரிசில் அறிவித்தல்களை எமது சொந்த மின்னஞ்சல் சேவையகத்தின் ஊடாகவே அனுப்புகிறோம். அண்மையில், அலுவலகத்தில் இருந்த பழைய கணினியை நிறுத்திவிட்டு, வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த சேவையகம் ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சேவையக மென்பொருளை நிறுவினோம். அன்று தொட்டு ஜீமெயிலுக்குப் போகும் மடல்களில் சில சேர்கின்றன, சில திரும்புகின்றன. ஆங்கிலச் சுற்றறிக்கை சிக்கலின்றிச் சேர்கிறது. தமிழ்ச் சுற்றறிக்கை திரும்பி வருகிறது. சில அரச அலுவலக முகவரிகள் அதை ஏற்பதே இல்லை. இன்னும் சில மடல்கள் வரிசையில் ஐந்து நாள் கிடந்து, விண்ணப்ப முடிவுத் திகதி கடந்த பின் திரும்புகின்றன. சொந்தச் சேவையகத்தைக் கைவிட்டு மாதக் கட்டணச் சேவைக்குப் போய்விடலாம் என்கிறார் எமது செயலாளர். சேவையகம் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லொக் கோப்பின் பகுதிகளையும் எமது டொமைன் (இணையப் பெயர்) பதிவுகளையும் இணைத்துள்ளேன். என்ன செய்யலாம்?

பதில்: லொக் கோப்பை இணைத்து அனுப்பியது நல்ல காரியம். “மெயில் போகுதில்லை” என்ற ஒற்றை வரியோடு வரும் கடிதங்களுக்கு ஊகத்தைக் கொண்டே பதில் எழுத வேண்டியிருக்கும். உங்களுக்கு அப்படி எழுதத் தேவையில்லை. எல்லாத் தொல்லைகளும் ஒரே நாளில் தொடங்கியதால் அவற்றுக்குக் காரணமும் ஒன்றே என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள் போலும். நீங்கள் அனுப்பிய வரிகளைப் பார்த்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து கோளாறுகள் இடமாற்றத்தின்போது ஒன்றாகச் சேர்ந்துகொண்டன என்பது தெரிகிறது. ஒன்றைச் சரிசெய்துவிட்டு மடல் போகிறதா என்று பார்த்து, போகாததால் அந்தத் திருத்தத்தையே தவறென்று நீக்கிவிடும் சுற்றில் நீங்கள் அகப்பட்டிருப்பதற்கும் இதுவே காரணம்.

முதலில் திரும்பி வந்த மடலின் இலக்கத்தைப் பாருங்கள். 4 என்று தொடங்கும் மறுமொழி “இப்போது முடியாது, பிறகு வா” என்று பொருள்படும். உங்கள் சேவையகம் மடலை வரிசையில் வைத்துத் தானாகவே மீண்டும் முயலும். 5 என்று தொடங்குவது முடிந்த முடிவு. எத்தனை முறை அனுப்பினாலும் அதே விடைதான் வரும். எனவே 5 வந்த மடலை மீண்டும் மீண்டும் தள்ளுவதும், 4 வந்தவற்றுக்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முழு வரிசையையும் வலிந்து வெளியே தள்ளும் கட்டளையை இடுவதும் பயனற்றவை. இரண்டாவது பழக்கம் தீங்கும் செய்யும்: மறுமுனைச் சேவையகத்தின் கண்ணுக்கு அது ஸ்பாம் அனுப்பும் கணினியின் அவசரமாகத் தோன்றி, வேகக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கிவிடும்.

ஜீமெயிலுக்குச் சில சேர்கின்றன, சில திரும்புகின்றன என்ற முறைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். திரும்பியவற்றில் பலவற்றில் காணப்படும் இலக்கம் 550 5.7.25. அதே வரிகளில் கூகுளின் முகவரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள்: இந்த இலக்கத்தோடு திரும்பிய ஒவ்வொன்றிலும் அது முக்காற்புள்ளிகள் நிறைந்த ஐ.பி. (கணினியின் இணைய எண்) ஆறாம் பதிப்பு முகவரி. சேர்ந்த ஒவ்வொன்றிலும் புள்ளிகள் இட்ட நான்காம் பதிப்பு முகவரி. உங்கள் புதிய சேவையகத்துக்கு இரண்டு வகை முகவரியும் உண்டு. இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதே போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பு என்பதால், எந்த மடல் எந்த வழியில் போகும் என்பது தற்செயலாகிவிடுகிறது. நான்காம் பதிப்பு முகவரிக்கு, எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் தலைகீழ்ப் பெயர்ப் பதிவு, அதாவது பி.டி.ஆர். பதிவு, சரியாக இருக்கிறது. ஆறாம் பதிப்புக்கு அது இல்லை. அனுப்பும் முகவரிக்குப் பி.டி.ஆர். இருக்க வேண்டும், அது காட்டும் பெயர் மீண்டும் அதே முகவரிக்கே இட்டுச்செல்ல வேண்டும் என்பதைக் கூகுள் எல்லா அனுப்புநரிடமும் எதிர்பார்க்கிறது.

பி.டி.ஆர். பதிவைப் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். உங்கள் டொட் எல்.கே. டொமைனின் பதிவுப் பட்டியலில் எதைச் சேர்த்தாலும் இது சரிவராது, ஏனெனில் ஐ.பி. முகவரி உங்களுடையதன்று, அது வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்துக்கு உரியது. அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலோ உதவிப் பிரிவுக்கு எழுதும் கோரிக்கையிலோதான் அதைச் செய்ய முடியும். அங்கே கொடுக்கும் பெயரும், போஸ்ட்ஃபிக்ஸில் உங்கள் சேவையகம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். அந்தப் பெயருக்கு ஆறாம் பதிப்பு முகவரியைக் காட்டும் பதிவையும் உங்கள் டொமைனில் சேர்த்துவிடுங்கள். அவர்களின் பதில் வரும்வரை போஸ்ட்ஃபிக்ஸை நான்காம் பதிப்பை மட்டும் பயன்படுத்துமாறு மாற்றி வைக்கலாம். இந்த ஒரு மாற்றத்துக்கு அமைப்பை மீள வாசிக்கச் செய்வது போதாது. போஸ்ட்ஃபிக்ஸை முற்றாக நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும்.

அடுத்து உங்கள் தமிழ்ச் சுற்றறிக்கை. சேவையகம் மொழி பார்த்து மடலை மறுப்பதில்லை, ஆனாலும் உங்கள் அவதானிப்பு சரியானதே. அந்த மடல்களுக்கு ஜீமெயில் தந்த இலக்கம் 550 5.7.26, அனுப்புநர் யாரென்று உறுதிப்படுத்த முடியவில்லை என்பது அதன் பொருள். 2024 பெப்ரவரி முதல் ஜீமெயிலுக்கு எழுதும் எவருக்கும் எஸ்.பி.எஃப். (டொமைனின் பெயரில் எந்தச் சேவையகங்கள் மடல் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு), டீகிம் (சேவையகம் மடலில் இடும் மின்கையொப்பம்) ஆகிய இரண்டில் ஒன்றேனும் தேற வேண்டும். நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும், கூடவே, தேறாத மடலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் டிமார்க் பதிவும் வேண்டும். நீங்கள் அந்த எண்ணிக்கைக்கு வெகு கீழே இருக்கிறீர்கள். ஒன்று தேறினாலே போதும். உங்கள் தமிழ்ச் சுற்றறிக்கைக்கு அந்த ஒன்றும் தேறவில்லை.

எஸ்.பி.எஃப். ஏன் தேறவில்லை என்பது எளிது. உங்கள் டொமைனில் எஸ்.பி.எஃப். பதிவு இரண்டு இருக்கின்றன: பழைய அலுவலகக் கணினிக்கு எழுதியது ஒன்று, புதிய சேவையகத்துக்கு எழுதியது மற்றொன்று. ஒரு டொமைனுக்கு ஒரு பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுபவர் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில்லை. நிரந்தரப் பிழை என்று முடிவுசெய்து இரண்டையும் தள்ளிவிடுவார். பழையதை அழித்துவிட்டு, புதிய சேவையகத்தின் இரு வகை முகவரிகளையும் ஒரே பதிவில் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக்குகிறேன் என்று பழைய அலுவலக இணைப்பின் முகவரியையும் அதில் விட்டுவைக்க வேண்டாம். அது அவ்வப்போது மாறும் முகவரி. நாளை அதே முகவரி ஊரில் வேறொருவர் வீட்டு இணைப்புக்குப் போகும்போது, அவர் அனுப்பும் மடலும் உங்கள் சங்கத்தின் பெயரில் தேறிவிடும்.

ஆகவே இடமாற்றம் நடந்த நாளிலிருந்து உங்கள் மடல்கள் எல்லாம் டீகிம் கையொப்பம் ஒன்றை மட்டுமே நம்பிப் போய்க்கொண்டிருந்தன. மடல் புறப்படும்போது சேவையகம் அதன் உடற்பகுதியைக் கணித்து ஒரு கையொப்பத்தைத் தலைப்பில் சேர்க்கிறது; பெறுபவர் அதே கணிப்பை மீண்டும் செய்து, உங்கள் டொமைனில் வெளியிடப்பட்ட பொதுத் திறவுகோலைக் கொண்டு ஒப்பிடுகிறார். இடையில் ஒரு வரி எங்கே முறிகிறது என்பது மாறினாலும் கணிப்பு பொருந்தாது. உங்கள் தமிழ் மடல்களில் அதுதான் நடந்திருக்கிறது.

மின்னஞ்சலின் ஒரு வரி 998 பைட்டுகளைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டு போதும். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். “கு” என்ற எழுத்து ககரமும் உகரக் குறியுமாக இரண்டு குறிகள் என்பதால் ஆறு பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கின்படி, இடையில் வரி முறிக்காமல் எழுதிய ஆங்கிலப் பத்தி ஏறத்தாழ 160 சொற்கள்வரை எல்லைக்குள் நிற்கும். தமிழ்ப் பத்தி 40 சொற்களை அண்மிக்கும்போதே எல்லையைத் தொட்டுவிடும். உங்கள் சுற்றறிக்கை மென்பொருள் ஒவ்வொரு பத்தியையும் ஒரே நீண்ட வரியாக, எந்தக் குறியாக்கமும் செய்யாமல் சேவையகத்திடம் ஒப்படைக்கிறது. டீகிம் மென்பொருள் அந்த நீண்ட வரிக்குக் கையொப்பம் இடுகிறது. அதன் பின்னர், மடலை வெளியே அனுப்பும் தறுவாயில், போஸ்ட்ஃபிக்ஸ் 998ஆம் பைட்டில் வரியை வெட்டி, ஓர் இடைவெளியையும் செருகுகிறது. கையொப்பம் இட்ட மடலும் போய்ச் சேரும் மடலும் வேறு வேறாகிவிடுகின்றன. ஓரிரு பெற்றோர் “நடுவில் ஓர் எழுத்து சிதைந்து பெட்டி பெட்டியாகத் தெரிகிறது” என்று சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதும் இதே வெட்டுத்தான். மூன்று பைட்டு எழுத்தின் நடுவில் கத்தி விழுந்திருக்கிறது.

இதற்குச் சேவையகத்தில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. சுற்றறிக்கை மென்பொருளை எழுதித் தந்தவரிடம், மடலின் உடலைச் சாதாரண ஆங்கில எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 அல்லது குவோட்டட்-பிரிண்டபிள் முறையில் குறியாக்கி அனுப்புமாறு கேளுங்கள். இரண்டு முறைகளிலும் வரிகள் 76 எழுத்துகளுக்குள் நின்றுவிடும், யாரும் வெட்டத் தேவை வராது. பி.எச்.பி. நிரல்மொழியின் வெறும் மெயில் கட்டளையை நேரடியாக அழைக்கும் மென்பொருள்களிலேயே இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் காண்கிறேன். நன்கு பராமரிக்கப்படும் மின்னஞ்சல் நிரல் நூலகம் (ஆயத்த நிரல்தொகுப்பு) ஒன்றுக்கு மாறினால் அதுவே பார்த்துக்கொள்ளும். அலுவலகக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் மூலம் எழுதும் தமிழ் மடல்கள் ஒழுங்காகச் சேர்வதற்கும் இதுவே விளக்கம்: அது தானாகவே குறியாக்கம் செய்துவிடுகிறது. இந்த ஒரு குறிப்பை நீங்கள் கடிதத்தில் எழுதியிராவிட்டால், நானும் டீகிம் திறவுகோலைக் குறைசொல்லிக்கொண்டு இருந்திருப்பேன்.

அரச அலுவலக முகவரிகள் சில தமிழ்ச் சுற்றறிக்கையை ஏற்காததும் இதே மென்பொருளின் வேலைதான், ஆனால் வேறு வழியில். உங்கள் லொக்கில் “எஸ்.எம்.டி.பி.யூ.டி.எஃப்.8 தேவை, மறுமுனை அதை வழங்கவில்லை” என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. மென்பொருள் மடலின் பொருள் வரியிலும் தமிழை அப்படியே பச்சையாக வைக்கிறது. சேவையகத்தின் உள்ளிருந்தே ஒப்படைக்கப்படும் மடலின் தலைப்பில் இத்தகைய எழுத்துகளைக் கண்டால், போஸ்ட்ஃபிக்ஸ் அந்த மடலுக்கு எஸ்.எம்.டி.பி.யூ.டி.எஃப்.8 எனும் சர்வதேச முகவரி வசதி தேவை என்று குறித்துவிடுகிறது. ஜீமெயில் அந்த வசதியை வழங்குவதால் அங்கே தடை இல்லை. பழைய சேவையகம் வைத்திருக்கும் அலுவலகங்கள் வழங்காதபோது, மடல் உங்கள் பக்கத்திலேயே திரும்பிவிடுகிறது. அந்த அலுவலகம் உங்களை மறுக்கவே இல்லை. பொருள் வரியையும் அனுப்புநர் பெயரையும் மைம் என்ற மின்னஞ்சல் முறையில், சாதாரண ஆங்கில எழுத்துகளாகக் குறியாக்கிவிட்டால் இது நின்றுவிடும். போஸ்ட்ஃபிக்ஸில் அந்த வசதியையே அணைத்துவிடுமாறு இணையத்தில் பலர் சொல்வார்கள். அது வேலை செய்யும், ஆனால் பிழையான தலைப்போடுதான் மடல் போகும், சில இடங்களில் பொருள் வரி கேள்விக்குறிகளாகத் தெரியும்.

வரிசையில் கிடக்கும் மடல்கள் இரண்டு வகை. கிரேலிஸ்டிங் என்ற சொல் வரும் மடல்களை விட்டுவிடுங்கள்; அறிமுகமில்லாத சேவையகத்தை முதல் முறை வேண்டுமென்றே திருப்பி அனுப்பி, சில நிமிடங்கள் கழித்து மறுபடி வருகிறதா என்று பார்க்கும் முறை அது, உங்கள் லொக்கிலும் அவை பின்னர் சேர்ந்திருக்கின்றன. இணைப்பு நேரம் கடந்தது என்று சொல்பவை வேறு. எல்லா இடங்களுக்கும் இதே விடை வந்திருந்தால், வாடகைக்குத் தந்த நிறுவனம் சேவையகங்களுக்கிடையே மடல் போகும் வாயிலான 25ஆம் இலக்கப் போர்ட்டை மூடி வைத்திருக்கிறது என்று சொல்லியிருப்பேன். மேகச் சேவை நிறுவனங்கள் பல அதை இயல்பாகவே மூடி வைத்திருக்கும். உங்களுக்கு இரண்டு டொமைன்களில் மட்டுமே இது நேர்வதால் கோளாறு அந்தப் பக்கம். அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆனால் முடிவுத் திகதி கடந்த பின்தான் தெரிய வந்தது என்ற உங்கள் குறை நியாயமானது. அதற்குப் பரிகாரம் உண்டு. மடலை ஐந்து நாள்வரை வைத்து முயல்வது போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு. இடையில் தாமதம் என்று அனுப்புநருக்கு அறிவிப்பதில்லை என்பதும் அதன் இயல்பு. தாமத எச்சரிக்கை நேரத்தை நான்கு மணித்தியாலம் என்று அமைத்துவிட்டால், காலையில் அனுப்பிய மடல் போகவில்லை என்பது அன்று மாலைக்குள் எழுதியவருக்குத் தெரிந்துவிடும். அவர் மாணவரின் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்துவிடலாம். இந்த ஐந்து நாள் வழக்கம் உங்களுக்கு நன்மையும் செய்திருக்கிறது. பழைய கணினி அலுவலகத்தில் இருந்த காலத்தில், மின்வெட்டில் அது அணைந்த நேரங்களில் வந்த மடல்கள் தொலையாமல் பின்னர் வந்து சேர்ந்தன அல்லவா? உலகின் மற்றச் சேவையகங்களும் இப்படியே காத்திருந்து முயல்வதால்தான் அது நடந்தது.

5.1.1 என்ற இலக்கத்துடன் திரும்பியவை முகவரியே இல்லாதவை. கையால் நிரப்பிய விண்ணப்பப் படிவத்திலிருந்து தட்டச்சு செய்யும்போது விழுந்த பிழைகள் சில. மற்றவற்றுக்கு நம் பகுதிக்கே உரிய காரணம் ஒன்று இருக்கக்கூடும்: விண்ணப்பத்துக்கு முகவரி வேண்டும் என்பதற்காக டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் ஒரு கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லையும் அங்கேயே மறந்துவிட்டுப் போன கணக்குகள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற கொள்கையைக் கூகுள் 2023இல் அறிவித்தது. இல்லாத முகவரிகளுக்குத் தொடர்ந்து எழுதும் சேவையகத்தின் மதிப்பு குறையும் என்பதால், 5.1.1 வந்த முகவரியை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் குடும்பத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். ஸ்பாம் என்று குறிக்கப்படும் வீதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்கிறது கூகுள். 900 பேருக்கு அனுப்பும் நாளில் மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே நீங்கள் அந்த எல்லையைக் கடந்துவிடுவீர்கள். பட்டியலில் இருந்து விலக விரும்புவோருக்கு மடலின் கீழே எளிய வழியொன்றை வைத்திருப்பது இதற்காகத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நிர்வாகக் குழுவினருக்குச் சங்கத்தின் டொமைனில் கொடுத்த முகவரிகள் எல்லாம் அவரவர் சொந்த ஜீமெயிலுக்குத் தானாகவே முன்னனுப்பப்படுகின்றன (ஃபோர்வேர்ட்) என்பது உங்கள் லொக்கில் தெரிகிறது. வசதியான ஏற்பாடுதான், ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த முகவரிகளுக்கு வரும் ஸ்பாமையும் உங்கள் சேவையகமே கூகுளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. பழி உங்கள் ஐ.பி. முகவரிக்கு. அத்துடன் முன்னனுப்பிய மடல் உங்கள் முகவரியிலிருந்து போவதால் மூல அனுப்புநரின் எஸ்.பி.எஃப். அதற்குப் பொருந்தாது. முன்னனுப்புவதை நிறுத்திவிட்டு, குழுவினரின் கையடக்கத் தொலைபேசிகளில் சங்கத்தின் மின்னஞ்சலை, சேவையகத்திலுள்ள மடலை அங்கிருந்தே வாசிக்கும் ஐமெப் முறையில் தனிக் கணக்காகச் சேர்த்துக் கொடுங்கள். மூத்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

செயலாளரின் யோசனையை முழுமையாக ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். மேலே சொன்னவற்றில் இரட்டை எஸ்.பி.எஃப். பதிவும், குறியாக்கம் இல்லாத சுற்றறிக்கையும், செத்த முகவரிகளும் எந்தக் கட்டணச் சேவைக்குப் போனாலும் கூடவே வரும். அவற்றை எப்படியும் நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். ஆனால் 900 பேருக்கு ஒரே நேரத்தில் போகும் சுற்றறிக்கையை மட்டும் மொத்தமாக மடல் அனுப்பித்தரும் ஓர் அனுப்பீட்டுச் சேவையின் ஊடாக, சங்கத்தின் டொமைனுக்குக் கீழே ஒரு துணை டொமைனிலிருந்து அனுப்புவது நல்ல ஏற்பாடு. சுற்றறிக்கையின் மீது முறைப்பாடு எழுந்தாலும், அலுவலர்களின் அன்றாட மடல்களுக்கு அதன் பாதிப்பு பெரும்பாலும் வராது. கட்டணம் டொலரில் அறவிடப்படும் என்பதைச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பள்ளி ஆண்டின் தொடக்கத்திலும் பரீட்சைப் பெறுபேற்றுக் காலத்திலும்தான் உங்கள் அனுப்புகை கூடுகிறது என்றால், மாதச் சந்தாவைவிட அனுப்பும் மடலுக்குக் கட்டணம் செலுத்தும் திட்டம் மலிவாக இருக்கக்கூடும்.

திருத்தங்களைப் பி.டி.ஆர். கோரிக்கையோடு தொடங்குங்கள், அது பிறர் கையில் இருப்பதால் நேரம் எடுக்கும். அன்றே பழைய எஸ்.பி.எஃப். பதிவை அழியுங்கள். சுற்றறிக்கை மென்பொருள் திருந்தும்வரை தமிழ் அறிவித்தல்களைத் தண்டர்பேர்டில் இருந்து சிறு சிறு தொகுதிகளாக அனுப்பலாம். பெறுநர்களின் முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரியாதபடி மறைநகலில் வையுங்கள். டிமார்க் பதிவை எந்த நடவடிக்கையும் கோராத நிலையில், அறிக்கைகள் மட்டும் உங்களுக்கு வரும்படி சேருங்கள். சில வாரங்கள் அந்த அறிக்கைகளைப் பார்த்த பின்னரே இறுக்க வேண்டும்.

ஒவ்வொரு திருத்தத்தின் பின்னரும் நீண்ட தமிழ்ப் பத்தி ஒன்றைச் சுற்றறிக்கை மென்பொருளிலிருந்தே உங்கள் சொந்த ஜீமெயிலுக்கு அனுப்பி, மடலின் மூல வடிவத்தைக் காட்டும் தெரிவைத் திறந்து பாருங்கள். மேலேயே எஸ்.பி.எஃப்., டீகிம், டிமார்க் மூன்றும் தேறினவா என்று எழுதியிருக்கும். டீகிம் இன்னும் தோற்று, உடற்பகுதியின் கணிப்பு பொருந்தவில்லை என்ற குறிப்பு இருந்தால், குறியாக்கம் இன்னும் சரியாகவில்லை; பொதுத் திறவுகோல் கிடைக்கவில்லை என்றிருந்தால், டொமைனில் இட்ட திறவுகோலை 255 எழுத்துகளுக்கு மேல் ஒரே துண்டாக எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதற்கும் அப்பால் வேறு விடை வந்தால், அந்தத் தலைப்பு வரிகளை மாணவர்களின் முகவரிகளை நீக்கிவிட்டு எனக்கு எழுதுங்கள்.